மூடிக்குள் மூன்று மீன்கள்

அன்பு மகனுக்கு,

ஞாயிறு பூசை முடிந்து மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நால்வர்: நான், உன் அப்பா, அக்கா ஒடில், மாப்பிள்ளை ஜெர்மேன். வேறு யாரும் இல்லை.

அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தில் நொடிமுள் உடைந்துவிட்டது. "மாமா, மூடியைத் திறந்தாத்தான் எந்த மாடல்னு தெரியும். அதுக்கேத்த முள்ளு வாங்கணும்" என்றார் மாப்பிள்ளை.

"வேண்டாம்பா, முள்ளு இல்லாமலே ஓடட்டும்" என்று அப்பா கையை மடியில் மறைத்துக்கொண்டார். நான்தான் கழற்றிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை திறந்தார்; மாடல் எண் மூடியின் உள்ளேயே இருந்தது: 2214, ஐம்பத்திரண்டில் செய்தது. அதன் கீழே, பழுது பார்த்தவர் ஊசியால் கீறிய மூன்று தேதிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன மீன். சிறுவயதில் என் மரக்கரண்டிகளில் நீ கீறி வைத்த அதே மீன்.

கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாளிலும் "அவர் பியேனுக்கு, பல் வைத்தியர்" என்று எழுதியிருக்கிறேன். உன் கடிகாரக் கடையும் பியேன் ஊரில்தானே.

"அப்பாவுக்கு முப்பத்திரண்டு பல்லும் கல்லு மாதிரி இருக்கு. இப்பேர்ப்பட்ட வைத்தியரை எங்ககிட்டயும் சொல்லியிருக்கலாமே!" என்றாள் ஒடில். அப்பா என் முகத்தையே பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் அவர் சூப்பில் கரண்டியை வைத்தார்.

புராட்டஸ்டன்ட் பெண்ணைக் கட்டியவன் பெயரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொன்னது அவர் அல்ல, நான்தான். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் இத்தனை வருடமும் நான் பூசைக்குக் கிளம்பியிருக்கிறேன். ஒரு நாளும் தாமதமானதில்லை.

மாப்பிள்ளையை முள் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நவம்பரில் மார்ட்டின் திருநாளுக்குப் பன்றி அடிக்கிறோம். முள்ளை நீயே கொண்டு வா, உன் மனைவி ரூத்தையும் அழைத்து வா. அவள் ரத்தக் குடல்கறி சாப்பிடுவாளா? கசாப்புக்காரரிடம் சொல்ல வேண்டும், சீக்கிரம் பதில் போடு.

அம்மா