ஐந்தாவது சோடிக்கு விட்ட இடம்

இன்று காலை உன் செருப்பைக் கழுவினேன். கிணற்றடியில் வைத்து, பழைய பிறஷ் ஒன்றால் வாரின் உட்பக்கம்வரை தேய்த்தேன். இடது வாரின் அடியில் நீ நகப்பூச்சால் வைத்த சிவப்புப் புள்ளி இன்னும் அப்படியே இருக்கிறது. அதை மட்டும் தேய்க்கவில்லை. வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தால் கை முழுக்க ஈர ரப்பர் மணம். அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு பேரும் ஒரே நாளில், யாழ்ப்பாணத்தில் ஒரே கடையில், ஒரே நிறத்திலும் அளவிலும் வாங்கிய செருப்புகள். வாங்கி வந்த அன்றே உனக்குப் பயம் பிடித்துவிட்டது. "நாளைக்கு வாசலிலை நிண்டு உன்ரையோ என்ரையோ எண்டு குடுமிச்சண்டை பிடிக்கேலாதடி" என்று சொல்லி உன்னுடையதில் புள்ளி வைத்தாய். உன் செத்தவீட்டன்று, உன்னை எடுத்துக்கொண்டு போன பிறகு, ஊர்ச் செருப்பெல்லாம் உங்கள் வாசலில் குவிந்து கிடந்தது. எனக்குக் கண் தெரியவில்லை. காலுக்குச் சரியாக வந்ததைக் கொளுவிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து, முழுகுவதற்காகக் கிணற்றடியில் அதைக் கழற்றியபோதுதான் புள்ளி தெரிந்தது. பதினொரு மாதமாகிவிட்டது. கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

உன் விளையாட்டுப் புத்தகம் அச்சுக்குப் போகப்போகிறது. வருசம் முடிகிற உன் ஆட்டைத்திவசத்துக்கு அதைக் கொண்டுவர வேண்டும் என்று கனடாவில் இருந்து உன் அண்ணை செய்தி அனுப்பினார். "அம்மாவுக்கு அவளின்ரை முகத்தை அட்டையிலை போட விருப்பம். நீதானே அட்டை செய்தனி, அம்மாவிட்டைப் போய்க் கதைச்சு முடிவெடு" என்று எழுதியிருந்தார். நான் செய்த அட்டையின் இலட்சணம் அவருக்குத் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

உன் விளையாட்டை ஊரில் ஒருத்தருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததே இல்லை. பலகை இல்லை, காய் இல்லை. ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள் வேறொரு பெயரையும் வேறொரு ஆளையும் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் போவார்கள். பகடை விழுகிறபடி பிழைப்பார்கள் அல்லது சாவார்கள். அண்ணை பார்சலில் அனுப்பிய ஆங்கில விதிப்புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, "உது வெள்ளைக்காரன்ரை கோட்டை, வெள்ளைக்காரன்ரை குதிரை. எங்கடை ஆக்கள் உதிலை எங்கை நிக்கிறது?" என்று கேட்டு நீயே தமிழில் ஒன்று எழுதத் தொடங்கினாய். ஒருநாள் காலையில் எல்லாக் கிணறுகளும் கதைக்கத் தொடங்கிவிட்ட ஓர் ஊர். எந்தக் கிணறு உண்மை சொல்கிறது, எது பொய் சொல்கிறது என்று தேடிப்போகிற ஆட்கள்.

ஞாயிறு பின்னேரங்களில் பண்டத்தரிப்பில் உங்கள் வீட்டு விறாந்தை மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தோம்: நான், அளவெட்டியில் இருந்து வரும் தவில்காரர், மயிலிட்டியில் இருந்து வரும் தாதி அக்காவும் அவவின் புருஷனும். தவில்காரர் பகடையை உருட்டமாட்டார், மேசையில் தட்டுவார். உன் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஞாயிறு முழுக்க இருந்து என்னத்தைத்தான் கதைக்கிறியளோ" என்று சலித்துக்கொள்வா. சலித்துக்கொண்டே தூணோரம் கதிரையைப் போட்டு இருந்து, எந்தக் கிணறு பொய் சொல்கிறது என்று எங்களுக்கு முன்னமே கண்டுபிடித்துவிடுவா.

விளையாட்டுக்கு "உங்கை" என்று பெயர் வைத்தாய். எனக்கு அது பிடிக்கவில்லை. பேச்சுச்சொல், அட்டையில் நன்றாக இராது என்றேன். நீ விடவில்லை. "இஞ்சை எண்டால் நான் நிக்கிற இடம். அங்கை எண்டால் ரெண்டுபேரும் இல்லாத இடம். உங்கை எண்டால் நீ நிக்கிற இடமடி. அண்ணையோடை போனிலை கதைக்கேக்கை உங்கை குளிரோ எண்டுதானே கேக்கிறம்? கேக்கிற ஆள் இருந்தால்தான் உங்கை எண்டு சொல்லலாம்." அன்றைக்கு உன்னிடம் தோற்றுப்போனேன். தோற்றது மனதில் கிடந்திருக்கவேண்டும். அட்டையில் அதற்குப் பழிவாங்கினேன்.

அட்டைக்கு நீ கேட்டது இவ்வளவுதான்: திறந்த கதவு ஒன்று, அதன் படியில் நான்கு சோடி செருப்பு, ஐந்தாவதுக்கு வெறும் இடம். ஒரு கொப்பித்தாளில் பேனையால் கீறித் தந்தாய். "முகம் போட்டால் அது அந்த முகத்துக்காரியின்ரை கதை. வாள் போட்டால் சண்டைக்காரன்ரை கதை. செருப்பைக் கழட்டிப் போட்டிட்டு உள்ளை வாறது ஆரும் செய்யலாம். வெறும் இடம் வாசிக்கிற ஆளுக்கு." நான் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போய் ஒரு கிழமை மேசை லாச்சியில் வைத்திருந்தேன். பிறகு வந்து, நான் வேலை செய்கிற அச்சகத்தின் முதலாளி மறுத்துவிட்டார், புத்தகம் சரஸ்வதி, அதில் செருப்பு போட்டால் தான் அச்சடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்று உனக்குச் சொன்னேன்.

பொய். அவரிடம் நான் கேட்கவே இல்லை.

கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற புத்தகத்தில் செருப்பைக் கீற எனக்குக் கை வரவில்லை என்பது பாதி உண்மை. மீதியையும் இப்போது சொல்கிறேன். நாள் முழுக்கக் கல்யாண அட்டையும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கிற கல்வெட்டும் செய்துகொண்டிருந்தவள் நான். செத்தவரின் முகத்தை நீள்வட்டத்துக்குள் வைத்து, கீழே விளக்கு வைத்து, ஆயிரம் பேருக்கு நினைவுப் புத்தகம் செய்திருப்பேன். ஒரு தடவையாவது நாலு பேர் பார்த்து ஆவென்று நிற்கிற மாதிரி ஓர் அட்டை செய்யவேண்டும் என்ற ஆசை. வாள் பிடித்த ஒரு பெண், பின்னால் தீ, காற்றில் பறக்கும் கூந்தல். உன்னைக் கேட்காமல் செய்து, ஒரு மாதிரிப் பிரதியும் அடித்து, ஞாயிற்றுக்கிழமை மேசையில் கொண்டுவந்து வைத்தேன்.

நீ கனநேரம் பார்த்தாய். "உவள் ஆர்?"

"கதாநாயகி."

"என்ரை விளையாட்டிலை கதாநாயகி இல்லையடி. உவள் வாளோடை முன்னுக்கு நிண்டால், மேசையிலை இருக்கிற நாலுபேரும் என்ன, அவளுக்கு விசிறி பிடிக்கிறதோ?"

தவில்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டுவிட்டது. "நீ கேட்டமாதிரிப் போட்டால் அது புத்தகமில்லை, செருப்புக்கடை விளம்பரம். ஒருத்தரும் கையாலையும் தொடமாட்டினம்" என்றேன். நீயும் சும்மா இருக்கவில்லை. "ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டு பாத்துப் பாத்தே நீ அட்டை செய். கல்வெட்டுச் செய்து செய்து உனக்கு எல்லாரும் செத்தாக்களாய்த்தான் தெரியினம்" என்றாய். நான் எழும்பி, "போறன்" என்றேன். உன் அம்மா பதறிப்போய், "போறன் எண்டு சொல்லாதை பிள்ளை, போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போ" என்று பின்னால் வந்தா. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று ஞாயிறு நான் வரவில்லை. நீ போன் எடுக்கட்டும் என்று நானும், நான் எடுக்கட்டும் என்று நீயும். நாலாவது கிழமை தாதி அக்கா போன் எடுத்தா. "அவளை வார்ட்டிலை மறிச்சுப்போட்டினம். டெங்குவாம். ஒருக்கால் வந்து எட்டிப்பார்." வாறன் என்றேன். போகவில்லை. காய்ச்சல்தானே, சுகமாகி வந்து நீயே முதலில் கதைக்கட்டும் என்று நினைத்தேன். இப்படி நினைத்த தலையைக் கொண்டுபோய் எந்தச் சுவரில் இடிப்பது? ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய். உன் கல்வெட்டை நான்தான் செய்தேன். நீள்வட்டம், விளக்கு, உன் முகம். அரை நாளில் முடிந்தது, அட்டையைப் பற்றி என்னோடு சண்டைபிடிக்க ஒருத்தரும் இல்லை. அதையும் நேரில் கொண்டுவராமல் ஓட்டோவில் கொடுத்தனுப்பினேன். அந்தியேட்டிக்கு நான் வரவில்லை.

போன கிழமைதான் முதலாளியிடம் உண்மையாகவே கேட்டேன். "அண்ணை, ஒரு புத்தக அட்டையிலை செருப்புப் போடலாமோ?" அவர் கணினியில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "கல்யாண அட்டையிலை மாட்டுவண்டில் போடுறம். மாடு சாணி போடாதோ? கேட்டதைக் கீறிக் குடு பிள்ளை." அவ்வளவுதான். உன்னிடம் அவர் வாயால் நான் சொல்லவைத்த பெரிய மறுப்பு, ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு லாச்சியில் இருந்த உன் கொப்பித்தாளை எடுத்து, நீ கீறியபடியே, கோடு மாறாமல் அட்டை செய்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டு அட்டைகளை எடுத்துக்கொண்டேன்: உன் முகம் போட்டது ஒன்று, செருப்புப் போட்டது ஒன்று. உன் செருப்பை ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். கொடுத்துவிட்டு எது நடந்தாலும் நடக்கட்டும் என்று வந்தேன். உங்கள் படலையைத் திறந்ததும் கால் நின்றுவிட்டது. படியின் ஓரத்தில் என் செருப்பு, தூசு இல்லாமல், சோடி சேர்த்து வைத்திருந்தது. ஐயோ, இதை உன்னுடையதென்று நினைத்து உன் அம்மா பதினொரு மாதமாகத் துடைத்து வைத்திருக்கிறாவே!

"என்ன பிள்ளை வாசலிலை நிண்டுகொண்டு? உள்ளை வா" என்றா உன் அம்மா. பாதி உடம்பாகிவிட்டா. விறாந்தை மேசையில் இரண்டு தாள்களையும் விரித்தேன். உன் முகத்தை விரலால் தடவிவிட்டு, மற்றதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தா.

"உது என்னது, செருப்போ?"

"ஓம் அன்ரி."

"புத்தகத்திலையோ! சரஸ்வதியெல்லோ பிள்ளை!" தாளைத் தள்ளிவிட்டா.

"அவள் கேட்டது இதைத்தான் அன்ரி. நான்தான் செய்து குடுக்கேல்லை" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி மறுத்ததாகச் சொன்ன பொய், வாள்காரி, "போறன்" என்று சொன்னது, எல்லாம். அன்ரி தாளைத் திரும்ப இழுத்து விரலால் எண்ணினா. "நாலு சோடிதானே. இது ஏன் வெறுமையாய்க் கிடக்கு?"

"புதுசாய் வாற ஆள் தன்ரை செருப்பைக் கழட்டி வைக்க."

அன்ரி வாசலைப் பார்த்தா. "ஞாயிறிலை அந்தப் படியிலை கால் வைக்க இடமிராது. இப்ப பார்."

அதற்குமேல் என்னால் ஏலவில்லை. பையைத் திறந்து மேசைக்குக் கீழே வைத்தேன். "அன்ரி, வாசலிலை நீங்கள் வைச்சிருக்கிறது அவளின்ரை இல்லை. என்ரை. அண்டைக்கு மாறிக் கொளுவிக்கொண்டு போட்டன். இதுதான் அவளின்ரை."

"தெரியும் பிள்ளை" என்றா. "அண்டைக்கே பாத்தனான். சிவப்புப் புள்ளி இல்லை."

"பின்னை ஏன் துடைச்சு வைச்சிருக்கிறியள்?"

"செருப்பை விட்டிட்டுப் போனவள் எடுக்க வருவாள்தானே எண்டு."

அன்ரி என்னைக் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை; நடந்ததைச் சொல்கிற குரலில்தான் சொன்னா. "ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கையும் என்ரை மகள் உன்னைத்தான் கேட்டவள். அவள் வந்து வாசலிலை நிக்கிறாளோ பாருங்கோ அம்மா, உள்ளை வர வெக்கப்படுவாள் எண்டு. நானும் போய்ப் போய்ப் பாத்தனான்."

பிறகு உன் முகம் போட்ட தாளை மடித்து என் கையில் தந்தா. "முகம் கல்வெட்டிலை கிடக்கு, அதுவே காணும். இதிலை செருப்பே கிடக்கட்டும். எண்டாலும் பிள்ளை, உந்த அறுந்த சோடியை மாத்தி நல்லதாய்க் கீறு."

"அது தவில்காரற்றை அன்ரி. அவற்றை எப்பவும் அறுந்ததுதான்."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு நடுவில் எங்கேயோ உடைந்துபோனது. பையில் இருந்த உன் செருப்பை எடுத்து, புள்ளியைப் பார்த்துவிட்டு, அன்ரி அதை என்னிடமே நீட்டினா. "நீ போட்டுக்கொண்டு போ. உன்ரை இஞ்சை கிடக்கட்டும். வாற ஞாயிறும் வா." இந்தத் தடவை "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன்.

மன்னித்தாயோ என்று உன்னிடம் கேட்கமாட்டேன். வாசலைப் பார்க்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லிக் கிடந்தவளிடம் அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. நீ நிற்கிற இடத்தை "அங்கை" என்று எழுதவும் மனம் இல்லை. உங்கை என்றே எழுதுகிறேன். கேட்கிற ஆள் இருந்தால்தான் அப்படிச் சொல்லலாம் என்று நீதானே சொன்னாய்.

செருப்பு காய்ந்திருக்கும். அதைக் கொளுவிக்கொண்டு அச்சகத்துக்குப் போய் அட்டையைக் கொடுக்கவேண்டும். நேற்றும் சந்திவரை அதோடுதான் நடந்தேன். உன் இடது குதி வெளிப்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. நீ சரிந்து சரிந்து நடக்கிறாய் என்று எத்தனை நாள் உன்னை நக்கலடித்திருக்கிறேன். நிமிர்ந்து நடக்கப் பார்த்தேன். செருப்பு விடவில்லை. சந்திக் கடைத்திண்ணையில் உட்கார்ந்திருந்த தவில்காரர் தூரத்தில் என் நடையைக் கண்டு எழும்பி நின்றுவிட்டார். கிட்ட வந்த பிறகுதான் நான் என்று தெரிந்து திரும்பவும் உட்கார்ந்தார்.