ஏழு சனிக்கிழமைகள்

முரசுமோட்டை
6.10.1962

அன்புள்ள ஸுஹறாவுக்கு,

அருந்ததி எழுதுவது. நாங்கள் சுகம். உம்மாவின் இருமல் குறைந்ததா? முல்லைத்தீவுக் கடற்காற்று அவவுக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமென்று அம்மா அடிக்கடி சொல்லுவா.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கென்று சனிக்கிழமைதோறும் பத்துக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுதிய நம்முடைய கணக்கு என்னவாயிற்று என்று இரண்டு கடிதங்களில் கேட்டிருந்தாய். பதில் எழுதாமல் விட்டதற்குக் காரணம் வெட்கம். ஆனி மாதம் உன் வாப்பா மீராசாகிபு மாமா இங்கே கடையை மூடி உங்களைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, நான் ஒரு கிணற்றையும் அளக்கவில்லை. முதற் சனிக்கிழமை தலையிடி என்றேன். அடுத்தது சட்டை தைக்க வேண்டியிருந்தது. பிறகு, விட்ட கிழமைகளை நினைக்கவே பயமாக இருந்ததால் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். இப்படியே ஏழு சனிக்கிழமைகள் போயின. உண்மையைச் சொன்னால், கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க நீ இல்லாமல் போக எனக்கு மனமில்லை.

கண்காட்சிக்கு நாள் குறித்ததும் கணக்கு எழுதும் கொப்பியைத் திறந்து, மனம் போனபடி இலக்கங்களை நிரப்பத் தொடங்கினேன். இரண்டு வரி எழுதியிருப்பேன். எதிர்ப் பக்கத்தில் உன் எழுத்து. அரை அங்குலத்தைக்கூட விடாமல் குறித்திருந்தாய். என் வரிகளை வெட்டிவிட்டுக் கயிற்றை எடுத்தேன். பத்துக் கிணற்றையும் நினைத்தால் திரும்பிவிடுவேன் என்று தெரியும். அதனால், பக்கத்து வீட்டு விமலேஸ்வரி அக்காவின் கிணற்றை மட்டும் அளந்துவிட்டு வருவோம் என்று போனேன்.

அக்கா குசினிக்குள் போய் ஒரு பழைய கயிற்றைக் கொண்டுவந்து தந்தா. அதில் ஏழு இடங்களில் சேலைக் கிழிசல் முடிந்திருந்தது.

"நீங்கள் வராத சனிக்கிழமையளிலை நானே வாளியை விட்டுப் பாத்தனான் பிள்ளை. தண்ணியிலை முட்டின உடனை, கட்டு மட்டத்திலை ஒரு துண்டு முடிஞ்சன். எனக்கு எழுதத் தெரியாது. உங்களுக்குத் தேவைப்படுமெண்டு நினைச்சன்," என்றா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிணற்றுக்கட்டில் இருந்து இருவருமாக முடிச்சுகளை அளந்தோம். முதல் மூன்றும் நெருக்கமாக இருந்தன. நான்காவது ஒரு முழம் தள்ளி. குளத்துக் கதவைப் பூட்டி வாய்க்காலை நிறுத்தியது அந்தக் கிழமைதான். வாய்க்கால் தண்ணீர்தான் கிணற்றுக்கும் ஊறுகிறது என்று நீ சித்திரையிலேயே சொன்னது சரி, ஸுஹறா.

மறுநாள் மற்ற ஒன்பதையும் அளந்தேன். பிறகு இன்றுவரை ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. நாகேஸ்வரி ரீச்சரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவ, "அந்த ஒன்பது கிணத்துக்கும் வரைபிலை அந்த ஏழு கிழமைக்குக் கோட்டை இடையிலை விட்டிட்டுக் கீறு. கேட்கிற ஆக்களுக்கு ஏனெண்டு நீயே சொல்லு," என்றா.

கண்காட்சி இருபதாம் திகதி. அங்கே வைக்கும் வரைபு அட்டையில் உன் பெயர், என் பெயர், விமலேஸ்வரி அக்காவின் பெயர் மூன்றும் இருக்கின்றன. உன்னைக் கண்காட்சிக்கு அனுப்பும்படி மீராசாகிபு மாமாவுக்கு என் ஐயா தனியாக எழுதிய கடிதம் இதற்குள் இருக்கிறது. நீ கேட்கத் தயங்குவாய் என்று எனக்குத் தெரியும்.

போன கடிதத்தில் மாப்பிள்ளைக் கதையை ஒரு வரியோடு நிறுத்திவிட்டாய். அதைப் பற்றி நான் கேட்கமாட்டேன். ரீச்சர் வகுப்பு வரவு இடாப்பில் உன் பெயரை இன்னும் வெட்டவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். ஒரு நாளைக்காவது வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அருந்ததி