மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகச் சொன்ன ஸ்கேன் மையம்

அனுப்புநர்
ந. அஸ்வினி,
பதினொன்றாம் வகுப்பு,
நாகமலை புதுக்கோட்டை,
மதுரை.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மதுரை.

பொருள்: கருவில் இருப்பது பெண் என்று ஜாடையாகச் சொன்ன ஸ்கேன் மையத்தின் மீதும், அக்கருவைக் கலைக்க என் அக்காளைக் கட்டாயப்படுத்தும் கணவர், மாமியார் மீதும் நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்காள் முனீஸ்வரிக்கு இரண்டு பெண் குழந்தைகள். இப்போது மீண்டும் ஐந்து மாதக் கர்ப்பம். செவிலியர் கொடுத்த சத்து மாத்திரைகளை மாமியார் சோலையம்மாள் பிடுங்கிக்கொண்டார். "ஆம்பளப் புள்ளைன்னு தெரியட்டும், பெறகு திங்கலாம்" என்றார்.

2. சென்ற வாரம் அக்காள் கணவர் அழகுபாண்டி அவளைச் சிம்மக்கல் பக்கம் ஒரு தனியார் ஸ்கேன் மையத்துக்கு அழைத்துப் போனார். சின்னவளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது என்ற பலகை சுவரில் இருந்தது. அதன் கீழே நின்றுதான், எங்களுக்கு முன் வந்தவர்களை "அழகர்கோயிலுக்குப் போயிட்டு வாங்க" என்று மருத்துவர் அனுப்பினார். அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். எங்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகச் சொன்னார்.

3. நான் அதை அப்படியே நம்பினேன். மச்சான் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறச் சொன்னபோது, கோயில் இந்தப் பக்கம் இல்லையே என்று கேட்டேன். "அழகர்னா ஆம்பள, மீனாட்சின்னா பொம்பள. மூணாவதும் பொட்ட. இதுகூட வெளங்கல, அம்புட்டுப் படிச்சு என்னத்துக்கு?" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காள் குனிந்தபடியே வந்தாள்.

4. வருகிற வியாழக்கிழமை, கருக்கலைப்பு மாத்திரை கொடுக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு அவளைக் கொண்டுபோகிறார்கள். கைபேசியைப் பறித்து, அவளை அறையில் பூட்டியிருக்கிறார்கள். "எனக்கு இந்தப் புள்ள வேணும்டி" என்று ஜன்னல் வழியே சொன்னாள். எங்கள் பெற்றோர் அனுசரித்துப் போகச் சொல்கிறார்கள். நான் அனுசரிப்பதாக இல்லை.

5. குழந்தை ஆணா பெண்ணா என்பது தகப்பனின் குரோமோசோமைப் பொறுத்தது என்று எங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளது. பெண் பிறப்பதைக் குற்றம் என்றே வைத்தாலும் அது மச்சானுடையது. தண்டனை மட்டும் அக்காளுக்கு.

ஆகவே ஐயா, வியாழனுக்கு முன் அக்காளை மீட்டு, மருத்துவமனையில் பாதுகாப்பாகச் சேர்க்க வேண்டுகிறேன். அக்காள் வீட்டு முகவரியையும் மையத்தின் முகவரியையும் தனித்தாளில் இணைத்துள்ளேன். மையத்துக்குச் சீல் வைப்பதைக் கடைவீதியில் கூட்டம் நிறைந்த நேரத்தில் செய்யுங்கள். எச்சரித்து மட்டும் விட்டுவிடாதீர்கள். மச்சானையும் அவர் தாயாரையும் நிற்க வைத்து, அந்தக் குரோமோசோம் பாடத்தை ஓர் அதிகாரி உரக்க வாசிக்க வேண்டும். புத்தகம் நான் தருகிறேன்.

புகார் கொடுப்பவர் பெயரை ரகசியமாக வைப்பது வழக்கம் என்று அறிவேன். என் பெயரை மறைக்க வேண்டாம். அம்புட்டுப் படிச்சு என்னத்துக்கு என்று கேட்டவருக்கு, இதை எழுதியது யார் என்று தெரிய வேண்டும்.

இடம்: மதுரை
நாள்: 10.06.2024

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்க்கும்,
ந. அஸ்வினி