செவ்வாய் வெள்ளியில் நின்றுபோன கம்ப்யூட்டர்

மகன் தன் பழைய கம்ப்யூட்டரைக் கூடத்தில் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேலை செய்துகொண்டே இருக்கும்போது திடீர் திடீரென்று நின்றுவிடுகிறதாம். "அந்த மெமரிப் பலகை, ராமைக் கழத்தி, ரப்பர் வச்சுத் தேச்சுட்டு மாட்டிப் பாருலே" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். சாம்பாரில் புளி பத்தவில்லை என்று சொல்ல வேண்டிய வாய் இதைச் சொல்கிறதே என்று நினைத்திருப்பான். பென்சில் அழிக்கிற ரப்பரைத் தேடி எடுத்து அவன் தேய்க்கத் தேய்க்க, அந்த வாசனை வந்தது. அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அழுது முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் நம் கடை. கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுப்போம். திருநெல்வேலியில் யாரோ பயன்படுத்திவிட்டுக் கழித்த கம்ப்யூட்டர் பெட்டியை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். முதலாளி என்ற பெயர் எனக்கு, அடிக்கிற விரல் உனக்கு. காலையில் முக்கூடலிலிருந்து பஸ் பிடித்து வருவாய். கல்யாணமான இரண்டாம் வருஷமே வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவள் நீ. உன்னைப் பார்த்தால், சகுனம் சரியில்லை என்று எதிரே வருகிறவர்கள் கொஞ்சம் நின்று போவார்கள். இந்த வேலை இல்லையென்றால் உனக்கு அண்ணன் வீட்டு அடுப்படிதான் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

பெட்டி வந்த இரண்டாம் வாரமே தன் குணத்தைக் காட்டியது. பாதிப் பத்திரிகை அடித்திருப்பாய். திரை கறுத்து, மெமரியில் கோளாறு என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து நிற்கும். அடித்ததெல்லாம் போச்சு. தினமும் வந்தால் தேவலை. நாலு நாள் சமத்தாக இருக்கும், ஐந்தாம் நாள் மூன்று முறை நிற்கும். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து ரிப்பேர்காரத் தம்பியை வரவழைத்தால் அவன் முன்னால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். "நல்லாத்தானக்கா இருக்கு" என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போவான்.

அந்த வெள்ளிக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். அரைப் பரீட்சைக் கேள்வித்தாளுக்காகப் பள்ளிக்கூடத்து எழுத்தர் பெஞ்சில் காத்திருந்தார். மூன்றாவது முறையாகத் திரை கறுத்தது. எனக்கு வந்த கோபத்தில் முன்னே பின்னே பார்க்கவில்லை.

"நீ உக்காந்தாத்தானளா இது நிக்கி. எந்திரி, நான் அடிக்கேன்."

நீ எழுந்தாய். நான் உட்கார்ந்தேன். என் கெட்ட நேரம், இரண்டு மணி நேரம் மூச்சுவிடாமல் ஓடியது. எழுத்தர் அண்ணாச்சி உன்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஏதோ ஜெயித்துவிட்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

திங்கள்கிழமை நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். வந்தாய், கையில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு. கோடு போட்டு வைத்திருந்தாய்: தேதி, கிழமை, நேரம், உட்கார்ந்திருந்தது யார்.

"இனிமே நிக்கும்போதெல்லாம் எழுதுவேன். நீ உக்காந்திருந்தா உன் பேரு, நான்னா என் பேரு. ஒரு மாசம் பாப்போம். என் பேருதான் கூட இருக்குன்னா நானே போயிருதேன்."

"கோவமாளா?"

"கோவம் இல்ல. எனக்கும் தெரியணும்லா?"

எனக்கும் தெரியணும் என்றாயே, அதன் அர்த்தம் அன்று என் மண்டையில் ஏறவில்லை. ஊர் சொன்னதை நீயும் பாதி நம்பத் தொடங்கியிருந்தாய். உன் கை பட்டால் எதுவும் விளங்காது என்பது நிஜமா பொய்யா என்று ஒரு நோட்டை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கக் கிளம்பியிருந்தாய்.

என் அவசர புத்தியையும் அந்த நோட்டு பார்த்தது. பெட்டியைத் திறந்து இரண்டு ராமையும் பிடுங்கி, துடைத்து, இடம் மாற்றி, ஒயரையும் மாற்றி மாட்டினேன். மூன்று நாள் ஓடியது. தீர்ந்தது என்றேன். "எதுனால தீந்துச்சு?" என்றாய். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தேன். நாலாம் நாள் மறுபடி நின்றது. "ஒவ்வொண்ணா மாத்துவோம், பைய. ஒண்ண மாத்திட்டு ஒரு வாரம் சும்மா இருக்கணும்" என்றாய். சும்மா இருப்பது எனக்குப் பிறவியிலேயே வராதது. ஒரு வாரம் ஒரு ராமை மட்டும் போட்டு ஓட்டினாய், அடுத்த வாரம் மற்றதை. இரண்டிலும் நின்றது. அப்படியென்றால் ராமில் குற்றம் இல்லை, அது உட்காரும் இடத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று நீதான் சொன்னாய்.

அந்த மாதம் முழுக்க இருவரும் மாறி மாறி உட்கார்ந்து அடித்தோம். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தோம். உன் பெயரைவிட என் பெயர் இரண்டு கூடுதலாக இருந்தது. நீ சிரிக்கவில்லை. பெயர்களை விட்டுவிட்டுக் கிழமை வரிசையில் விரலை ஓட்டினாய். செவ்வாய், வெள்ளி, வெள்ளி, செவ்வாய், ஒரு சனி, மறுபடி வெள்ளி.

எழுந்து பெட்டியைத் திறந்தாய். ராம் செருகும் இடுக்கில் துணியைச் சுற்றிய குச்சியை விட்டு எடுத்தாய். அதில் சாம்பல் நிறத்தில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாய். சாம்பிராணி.

செவ்வாய், வெள்ளி காலையில் பூஜை முடிந்ததும் தூபக்காலோடு நான் வீட்டைச் சுற்றி வருவேன். முன்னறையில் அந்தப் பெட்டிக்கு முன்னால் மட்டும் நின்று, கொஞ்சம் தாராளமாகவே காட்டுவேன். உள்ளே சுற்றுகிற விசிறி அத்தனை புகையையும் இழுத்து ராமின் காலடியில் அப்பி வைத்திருந்தது.

"பூஜை ரூம்போட நிறுத்திக்க. இங்கன வேண்டாம்" என்றாய். ஸ்பிரிட்டால் இடுக்கைத் துடைத்தாய், ரப்பரால் ராமின் பற்களைத் தேய்த்தாய். அதன்பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பெட்டியை மூடும்போது ஒன்று கேட்டாய்.

"இத எப்ப இருந்து போடுத?"

"எப்பவும் போடுததுதான" என்றேன். பொய். வீட்டில் போடுவது எப்போதும் உண்டு. முன்னறைக்குக் கொண்டுவந்தது, நீ வேலைக்கு வந்து, பெட்டி முதல்முறை நின்ற பிறகு. முதல்முறை நின்றது பஸ்ஸில் குலுங்கியதாலோ என்னவோ. நான் அப்படி நினைக்கவில்லை. உன்னால் என்று நினைத்தேன். உன் தோஷம் கழியட்டும் என்றுதான் நீ வருவதற்குள் புகை போட்டேன். நிற்க நிற்க இன்னும் அதிகமாகப் போட்டேன். வெளியே உன்னைத் தோழி என்று சொல்லிக்கொண்டு இதைச் செய்தேன். நீ நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த நம் பெயர்களைப் பார்த்துவிட்டு மூடி வைத்தாய். மேற்கொண்டு கேட்கவில்லை. உனக்கு அது தெரியாது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன், பல வருஷம்.

என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் ஆரத்தி எடுக்க உன்னைக் கூப்பிட்டேன். என் சொந்தக்காரப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீ தூணோரம் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றாய். கையைப் பிடித்து இழுத்தேன். அப்போது என் காதோடு கேட்டாய்: "வாசல்ல சாம்பிராணி போட்டாச்சாளா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ என் கன்னத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு, ஆரத்தித் தட்டை வாங்கிக்கொண்டு மாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றாய்.

அதற்குப்பின் எத்தனை நாள் சேர்ந்து உட்கார்ந்திருப்போம். ஒரு நாளாவது பதில் சொல்லியிருக்கலாம். யாராவது ஒருவரின் ராசியைப் பற்றி வாயெடுத்தால், தேதி போட்டு எழுதிக் காட்டு என்று இன்றைக்கும் சண்டைக்குப் போகிறேன். அது உன்னிடம் கற்றது. உனக்குச் சொல்ல வேண்டிய பதில் மட்டும் என்னோடுதான் இருக்கிறது. ஆமாளா, உன்னை நெனச்சுத்தான் போட்டேன். உன்கிட்ட ஒரு குத்தமும் இல்ல. என்ன மன்னிச்சிரு.