வாசலில் சொன்ன பெயர்

7-2-1955, திங்கள்

கத்தரிக்கோலைக் கொதிக்கப் போட்டுவிட்டு, அதையே அரைமணி நேரம் வீடெல்லாம் தேடினேன். காசியம்மாள்தான் அடுப்பைக் காட்டினாள். "இன்னா நர்ஸம்மா, யாரு நெனப்புல கீறீங்க?" என்று கேட்டு அவளே சிரித்துக்கொண்டாள். ஆயா வேலைதான், வாய் மட்டும் டாக்டர் உத்தியோகம்.

யார் நினைப்பு? பினாங்குக்குப் போன அவர் நினைப்புதான். பதினாறு வருஷமாக வேறென்ன நினைப்பு எனக்கு?

10-2, வியாழன்

இந்த மாதமும் தூரம் வரவில்லை. நாற்பத்தேழு வயதில் நின்றால் நிற்கட்டும், தொல்லை விட்டது என்று மற்றப் பெண்களுக்கு நான்தானே தைரியம் சொல்கிறேன்? எனக்குச் சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. உடம்பு திடீரென்று எரிகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, அப்புறம் மண்டைக்குள் ஒரே பஞ்சு.

அவர் பினாங்கிலிருந்து வந்து இறங்கினால் எனக்கும் ஒன்று பிறக்கும் என்று மனசின் மூலையில் ஓர் ஆசை இருந்தது. யுத்தம் வந்து கடிதம் நின்ற பிறகும் இருந்தது. இப்போது அதுவும் போச்சு.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சௌக்கியமாக இருந்தவள், இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம்தான் பினாங்கு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மகாபலிபுரத்துக்குத் தெற்கே இந்தக் குப்பத்துப் பிரசவ விடுதிக்கு மாற்றல் வாங்கி வந்தேன். தெரிந்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

16-2, புதன்

அநியாயம் பண்ணிவிட்டேன்.

வேண்டாவுக்குக் காலையில் பெண் குழந்தை, மூன்றாவது. இங்கே எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். எல்லார் பெயரும் எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. குழந்தையோடு வாசலுக்கு வந்து, இன்னாருக்கு இன்ன குழந்தை என்று தகப்பன் பெயரோடு நான்தான் சொல்வேன். அதைக் கேட்ட பிறகுதான் சர்க்கரை கொடுப்பார்கள். இன்றும் வந்து நின்றேன். உடம்பு பற்றி எரிந்தது. "கண்ணாயிரத்துக்குப் பெண் குழந்தை!" என்றேன்.

தகப்பன் எல்லப்பன். கண்ணாயிரம் அவனுக்கு அண்ணன். இரண்டு பேரும் எதிரே நிற்கிறார்கள்!

ஒருவரும் சிரிக்கவில்லை. "எல்லப்பன், எல்லப்பன்" என்று உடனே திருத்தினேன். மாமியார்க்காரி என் முகத்தையே பார்த்தாள். "நர்ஸம்மா வாயில ஒரு பேரு தப்புனது இல்லியே" என்றாள்.

18-2, வெள்ளி

வேண்டாவைப் பச்சை உடம்போடு தாய்வீட்டுக்குத் துரத்திவிட்டார்கள். எல்லப்பன் குழந்தையைத் தொடக்கூட இல்லையாம். "வலியில இவ எதுனா ஒளறியிருப்பா, அதான் அம்மா வாயில வந்துடுச்சுன்னு பேசிக்கினு கீறாங்க" என்கிறாள் காசியம்மாள். ஐயோ, என் ஞாபகத்துக்கு இருந்த நல்ல பேர் அவள் குடியைக் கெடுக்கிறதே!

எனக்கு மறதி வந்துவிட்டது என்று சொன்னால் போதும். சொன்னால் செங்கல்பட்டு லேடி டாக்டர் காதுக்குப் போகும். மறதிக்காரியை நம்பி ஒரு விடுதியை விட்டு வைப்பார்களா? இந்தக் கரையை விட்டு நான் எங்கே போவேன்? முடியாது. என்னால முடியாதுடி, வேண்டா.

19-2, சனி

பகல் முழுக்க அவர் குரலை நினைத்துப் பார்த்தேன். முகம் வருது. குரல் வரல. இந்தக் கரையைப் பிடித்துக்கொண்டு இருந்தும் அது போச்சே.

20-2, ஞாயிறு

வலை உலர்த்தும் இடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நேரே போய் நின்றேன்.

"எனக்குத் தூரம் நின்னுபோச்சு. உடம்பு எரியுது, மண்டை மறக்குது. அன்னிக்கு அந்தப் பேரு என் மறதியில வந்தது. வேண்டா ஒரு வார்த்தை பேசல" என்றேன்.

ஆண்கள் முன்னால் இதைச் சொல்லுவாளா ஒருத்தி? கிழவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். எல்லப்பன் மட்டும், "உங்களுக்கா மறதி?" என்றான்.

"உன் மூத்த புள்ளைங்க ரெண்டையும் பொறக்க வெச்சவ நான். அதுங்க பேரு இப்ப எனக்கு வரலடா. சத்தியமா வரல."

சாமர்த்தியத்துக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே வரவில்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேண்டாவின் தாய்வீட்டுப் பக்கம் நடந்தான்.

24-2, வியாழன்

வேண்டா வந்துவிட்டாள். குழந்தை எல்லப்பன் தோளில்.

லேடி டாக்டரும் வந்தார். "கோமளம், மாதம் முடிந்ததும் செங்கல்பட்டுக்கே வந்துவிடுங்கள். துணிக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளலாம். உங்களை இங்கே தனியாக விட எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

28-2, திங்கள்

கடைசிப் பிரசவம், சரோஜாவுக்கு. பையன். நான் கேட்கவே இல்லை, அவளே கண்ணை இறுக மூடிக்கொண்டு "கோதண்டராமன்" என்றாள், அவள் புருஷன் பெயர்! காசியம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "பின்ன, அம்மா மறந்துட்டா இன்னா பண்றது?" என்றாள் சரோஜா. எனக்காகச் சொன்னாளே, மகராசி! வாசலில் போய் அந்தப் பெயரைத் தப்பாமல் சொன்னேன்.

அப்புறம் கடலைப் பார்க்கப் போனேன். போயிருக்கக் கூடாது.

4-3, வெள்ளி. செங்கல்பட்டு

கிடங்கில் ஜன்னல் இருக்கிறது, ஏரி தெரிகிறது. ஏரிக்கு அக்கரையும் தெரிகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

என்னோடு போர்வை மடிக்கிற பெண் புதியவள். "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டாள்.

"வரதன்" என்றேன். கல்யாணமாகி முதல் தடவையாக. வாய் கூசவில்லை.

"எங்கே இருந்தார்?" என்றாள்.

"பினாங்கில் இருக்கிறார்" என்றேன்.