அப்பாவின் கால் பிழைத்தது

புந்தோங், ஈப்போ.

அன்பு மகள் ஷாமினிக்கு, அம்மா எழுதுவது. பெர்த்தில் நீ சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. உன் அப்பாவின் காலை வெட்டவில்லை. இரண்டு விரல்கள் போயின, கால் இருக்கிறது, புண் மூடி வருகிறது. ஒரு மூச்சு விட்டுவிட்டு மற்றதைப் படி. நீ என் போனையும் எடுப்பதில்லை. எடுத்தால் பக்கத்தில் அவர் குரல் கேட்கும் என்றுதானே? எனக்குத் தெரியாதா உன்னை! அதனால்தான் கடிதம்.

சுங்காய் தோட்டத்துக் கோயில் தீமிதிக்கு முந்தின நாள், சர்க்கரை நோயோடு நெருப்பில் இறங்காதீர்கள் என்று நீ கெஞ்சியதும், "எனக்குப் புத்தி சொல்ல நீ யாரு? இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதே" என்று அவர் கத்தியதும், நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மறுநாள் இறங்கினார். கொஞ்சங்கூட சுடவில்லை, ஆத்தா காப்பாத்திட்டா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சியே செத்துப்போயிருந்தது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. கொப்புளத்துக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தோம். நாற்றம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் விக்னேஸ்வரன் பொறுமையான பிள்ளை. புண்ணிலிருந்து எடுத்த கிருமியை லேப்பில் ஒரு தட்டில் வளர்த்துப் பார்த்தால் மருந்துக்குச் சாகிறதாம், காலுக்குள் மட்டும் சாகவில்லை. அது எப்படி என்று கேட்டேன். "தட்டுல காத்து இருக்கு ஆண்டி. அங்கிள் காலுல ரத்தம் சரியா ஓடல, ஆக்சிஜனும் போகல. அது இல்லாம இந்த மருந்து கிருமிக்குள்ள நுழையாது. காத்தே பிடிக்காத வேற கிருமியும் அங்க சொகமா வளருது" என்றார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரலாம் என்றும் சொன்னார். வெட்டுவதற்கு முன் ஒன்று செய்து பார்ப்போம் என்று லுமுட் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே ஓர் இரும்பு அறை. உள்ளே உட்காரவைத்து, கதவை அடைத்து, காற்றழுத்தத்தை ஏற்றி, முகமூடி வழியாகச் சுத்தமான ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். அழுத்தத்தில் அது ரத்தத்தில் கரைந்து புண் வரைக்கும் போய்ச் சேருகிறதாம். கேமரன் மலை பஸ் மாதிரி காது அடைக்கிறது என்று புலம்பினார். அந்த அறையில் எண்ணெய் ஆகாது, தீப்பிடித்துக்கொள்ளும். நம்மவருக்கோ தலையில் எண்ணெய் வைக்காமல் பொழுது விடியாது! முதல் நாளே வழிய வழியத் தடவிக்கொண்டு போனார். தாதி நூருல், "பாக்சிக், எண்ணெய் தா போலே லா", கூடவே கூடாது என்று வாசலிலேயே மறித்து, தலைக்குச் சோப்புப் போட்டுக் கழுவவைத்தாள். தீக்குழிக்கு அஞ்சாத மனிதர் அந்தப் பெண்ணுக்கு அஞ்சித் தலையைக் குனிந்து காட்டினார்.

நாற்றம் அடங்கியதும் வேறு வம்பு. "காத்தே கொல்லுதே, ஊசி எதுக்கு?" என்று மருந்தை மறுத்தார். டாக்டருக்கு வந்ததே கோபம்! காற்றுக்கு அஞ்சாத கிருமியும் உண்டு, மருந்தை நிறுத்தினால் அது பெருகிவிடும், இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்று சத்தம் போட்டார். அதற்கப்புறம் அப்பா ஒழுங்காக ஊசி போட்டுக்கொண்டார். போன வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இனி வெட்டத் தேவையில்லை என்றார் டாக்டர். எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதேன். சந்தோஷம் தாங்கவில்லை மகளே.

வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக்கூடாதாம். புதிதாக ஒரு ஜோடி செருப்பு வாங்குவோம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டு, நீ வாங்கி வந்தாயே, அன்றைக்குக் கோபத்தில் கட்டிலுக்கடியில் வீசினாரே, அந்த மெத்தைச் செருப்பைக் குனிந்து தேடி அவரே எடுத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டார். வீட்டுக்குள் செருப்பா என்று எனக்குத்தான் மனம் கூசுகிறது. சாமி அறைக்கு மட்டும் கழற்றுங்கள் என்றேன். கேட்கவில்லை. அந்த அறை வாசற்படிக்கு வெளியே நின்று, செருப்போடே ஆத்தாவைக் கும்பிடுகிறார்.

உன் பெயரை அவர் இன்னும் சொல்லவில்லை. நான் எழுதுவதைப் பார்த்து, "கடுதாசிய சீக்கிரம் போடு" என்று மட்டும் சொன்னார்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இது கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை என் போனிலிருந்து உனக்கு அழைப்பு வரும். கையில் வைத்திருப்பது நானாக இருக்காது. எடுத்துவிடு, கண்ணே.

உன் அம்மா,
கலாதேவி