நானூற்றுப் பன்னிரண்டு ஜோடிகள்

பாப்பா அப்பாவுக்கு,

நான் சுகம்தான். பாப்பா காய்ச்சல் விட்டுப் பள்ளிக்கூடம் போனாளா? கணக்கு டீச்சர் கூப்பிட்டால் நீங்களே போய்ப் பாருங்கள். உங்கள் தங்கையை அனுப்பிச் சமாளிக்க வேண்டாம்.

வானத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு ஜன்னலே இல்லாத அறையா என்று கேலி செய்வீர்களே, அந்த அறையில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வியாழக்கிழமை நேர்காணல். வேலை நிரந்தரமானால் உங்கள் இருவரையும் இந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கும். ஆறு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது இதற்குத்தானே. "அந்த ஒரு கட்டுரை போதும்மா, வேற எதுவும் கேக்க மாட்டாங்க" என்கிறார் துறைத் தலைவர்.

வினையே அந்தக் கட்டுரைதான். பாப்பா பிறந்த மாதம் ஐயாயிரம் விண்மீன் திரள்களின் படங்களைக் கண்ணால் பார்த்து, தனியாக இருக்கிறதா, இன்னொன்றோடு மோதிச் சேர்கிறதா என்று பிரிக்க வேண்டியிருந்தது. எனக்குக் கை ஒழியவில்லை. மருந்துக் கடைக்கு லீவு போட்டுக் கடைசி ஆயிரத்தை நீங்கள் பார்த்துக் கொடுத்தீர்கள். நான் சரிபார்க்கவில்லை. தப்பு என்னுடையது.

போன வாரம்தான் அவற்றின் தூரங்களைப் புதிதாக அளந்த பட்டியல் கைக்கு வந்தது. நீங்கள் 'சேர்கிறது' என்று குறித்தவை நானூற்றுப் பன்னிரண்டு ஜோடிகள். பெரும்பாலானவை பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிகின்றன, அவ்வளவுதான். ஒன்று முன்னால், மற்றது எங்கோ பின்னால். "இவ்ளோ பக்கத்துல இருக்கு, சேரத்தானே போகுது" என்று அன்றைக்கு நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. திரள்கள் நினைத்ததைவிட அடிக்கடி ஒன்றுசேர்ந்துதான் வளர்கின்றன என்று சொல்லிப் பெயர் வாங்கினேனே, அந்த முடிவே உங்கள் இரக்கத்தின்மேல் நிற்கிறது. சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

சொன்னால் நிரந்தர வேலை கைநழுவும். பழையபடி வருஷத்துக்கொரு ஒப்பந்தம், நான் ஒருத்தி இங்கே. ஊரில் இந்தப் படிப்புக்கு வேலை கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். சொல்லாவிட்டால் என் கட்டுரையை நம்பி உழைக்கிறவர்கள் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். பயமாக இருக்கிறது.

இது உங்கள் கைக்கு வரும்போது வியாழன் தாண்டியிருக்கும். போனில் சொன்னால் வாயைத் திறக்காதே என்பீர்கள், நானும் கேட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அம்மாவிடம் போவது இந்த வருஷமும் இல்லை என்று பாப்பாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னைத் திட்டுங்கள், பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். நீங்கள் குறித்ததில் முப்பத்தொரு ஜோடி உண்மையாகவே சேரப் போகிறது. கொஞ்சம் நாளாகும்.

உங்கள்,
பாப்பா அம்மா